பன்னிரண்டு கம்பியில் உப்பளப் பாட்டு

என் ஆசை மதினி சண்முகவடிவுக்கு,

ஜெயித்துவிட்டோம் மதினி. வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் காளியம்மன் கோயில் மேடையில், எந்த மேடையில் நீ நின்றால் கூட்டம் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்குமோ அதே மேடையில், நேற்றுச் சாயங்காலம் ஜெயித்துவிட்டோம். என் விரல் நுனிகள் இன்னும் எரிகின்றன. எரியட்டும். முதலில் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன் என்றதும் அண்ணன் தயங்கினார். "அவளுக்கு எழுதுனத ஊர்க்காரங்க படிக்கலாமா?" என்றார். "மேடையில நின்னவதானண்ணே. நாலு பேரு கேக்குறது மதினிக்குப் புதுசா?" என்றேன். அனுப்பு என்றுவிட்டார்.

உனக்குத் தெரிந்ததைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டாமா? பொறுத்துக்கொள்.

உப்பூருக்கு உள்ளே தள்ளி, மிளகாயும் பருத்தியும் போடுகிற வானம் பார்த்த பூமி நம்முடையது. பகலில் கொல்லைவேலை, திருவிழாக் காலத்தில் கச்சேரி. அண்ணன் டோலக் வாசித்துக் குழுவை நடத்துவார். அவர் பெண்டாட்டி நீதான் பாட்டு. நான் அவருடைய தங்கை, உனக்கு நாத்தனார். கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்க முடியாமல் ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்த அன்று, வாசலில் நீ நிற்பதைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டேன். வந்து உட்கார்ந்த நாத்தனாரை எந்த மதினிக்குப் பிடிக்கும்?

நீ பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாய். என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வந்துட்டியா? நல்லதாப் போச்சு. நம்ம கிட்டார்க்காரன் துபாய்க்குப் போயிட்டான். கிட்டார இங்கனதான் போட்டுட்டுப் போயிருக்கான். நீ எடுத்து வாசி" என்றாய்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே மதினி."

"அவனுக்கு மட்டும் தெரிஞ்சுச்சாக்கும்?"

அழுதுகொண்டு வந்தவள் சிரித்துவிட்டேன். அந்த ஆறு கம்பிக் கிட்டாரைக் கேசட்டு கேட்டுக் கேட்டு, விரல் கிழிந்து, நானாகக் கற்றுக்கொண்டேன். பகலில் தையல் மிஷின், பொழுது சாய்ந்தால் கிட்டார். ஊர் என்னென்னமோ சொன்னது. பொம்பளை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறாள் என்றது. நீ என் முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, "முன்னால வந்து நில்லுடி பஞ்சு. பின்னால நின்னா பயந்தவன்னு நினைப்பாங்க" என்று தள்ளிவிட்டாய். பஞ்சவர்ணம் என்ற என் பேரைச் சுருக்கியதும் நீதான்.

உன் குரல் கனத்த குரல். சினிமாப் பாட்டை எல்லாரும் பாடுகிற சுருதியில் நீ பாட மாட்டாய், கீழே இறக்கிப் பாடுவாய். மிளகாய்க் கொல்லையில் பழம் பறிக்கும்போது நீ அடியில் பாட, அதே பாட்டை நான் ஒரு ஸ்தாயி மேலே பாடிக்கொண்டு வருவேன். தனியாகப் பாடினால் என் குரல் நடுங்கும், ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது என்று நீயே சொல்வாய். உன் குரலோடு சேர்ந்தால் மட்டும் நிற்கும். அது ஏன் மதினி அப்படி?

நீ கட்டிய உப்பளப் பாட்டை நாம் இருவரும் அப்படித்தான் பாடிப் பாடிச் சரிசெய்தோம். காளியம்மன் கோயில் கச்சேரிக்கு முதல்முறை போனபோது, வேலை முடிந்து நேராக வந்து உட்கார்ந்த பெண்களைப் பார்த்தாய். கூடை சுமந்த தலையெல்லாம் வெள்ளை. மறுவருஷம் போகும்போது பாட்டோடு போனாய்.

"பாத்தி முழுக்க வெள்ளையடி
பாக்கப் பாக்கக் கூசுதடி
கூடை சுமந்த பொண்ணுக்கெல்லாம்
கொண்டைகூட உப்பாச்சுதடி."

அவர்கள் சிரித்த சிரிப்பில் மைக் செட்டே அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம்கூட அந்தப் பாட்டு இல்லாமல் நம்மைக் கீழே இறங்க விட்டதில்லை. அது கேசட்டில் கிடையாது, சினிமாவில் கிடையாது. உன் தொண்டையில் மட்டும் இருந்தது.

அந்தத் தொண்டையைத்தான் ஒரு ஐப்பசிக் காய்ச்சல் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுதப்போவதில்லை. நீ அழுகையை மேடையேற்ற விடமாட்டாய்.

இனி உனக்குத் தெரியாத கதை.

நீ போன பிறகு வந்த திருவிழாவுக்குத் துட்டி வீடு என்று நாங்கள் போகவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு குழு வந்தது. இரண்டு கீபோர்டு, கலர் லைட்டு. இந்த வருஷமும் அவர்களையே பேசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கோயில் கமிட்டித் தலைவர் முனியாண்டி அண்ணனைப் பார்க்கப் போனேன். வீட்டில் நம் அண்ணனிடம் சொல்லாமல்தான் போனேன். உன் புருஷன் அப்போது டோலக்கைப் பரணில் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் பெட்டிகளை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

முனியாண்டி அண்ணன் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். மனசில் ஒன்றும் இல்லாத மனுஷன்தான்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிறாத. பாடுறதுக்கு ஆளில்லாம என்னத்தக் கச்சேரி நடத்துவீங்க?"

"கச்சேரி வேணாம்ண்ணே. ஒரே ஒரு பாட்டு. உப்பளப் பாட்டு."

"யாரு பாடுவா? நீயா?"

"கிட்டாரு பாடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவ்வளவு பெரிய வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. "சரி, மதுரைக்காரங்க ஏறுறதுக்கு முன்னால ஒரு பாட்டு வாசிச்சுக்க. நல்லா இல்லைன்னா பொம்பளைங்க சும்மா இருக்க மாட்டாளுக, அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய ஆறு கம்பியில் உப்பளப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். சுரமெல்லாம் சரியாக வந்தது. ஆனாலும் அது நீ இல்லாத வீடு மாதிரி இருந்தது. ஒற்றைக் கம்பி ஒற்றையாகப் பேசியது. அழுகிற மாதிரி கேட்டது. உன் பாட்டு அழுகிற பாட்டா மதினி? கேலிப் பாட்டல்லவா?

பன்னிரண்டு கம்பிக் கிட்டார் என்று ஒன்று உண்டு என்பது தெரியும். பழைய பாட்டுகளில் பின்னால் கலகலவென்று கேட்டிருக்கிறேன், கையால் தொட்டதில்லை. அதில் கம்பிகள் இரண்டிரண்டாக ஜோடி போட்டு நிற்கும். விரலை வைத்தால் இரண்டும் சேர்ந்தே அமுங்கும். அடிச்சுரத்து நாலு ஜோடிகளில் ஒரு கம்பி கனமானது. அதை ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய கம்பி, அதே சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே சொல்லும். இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்ட அன்று கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். கீழே நீ, மேலே நான். மிளகாய்க் கொல்லையில் நாம் பாடினது அப்படியே.

மேடையில் கேட்க வேண்டுமானால் எலெக்ட்ரிக்தான் வேண்டும். ராமநாதபுரத்தில் கிடைக்காது, மதுரையிலும் சொல்லித்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். தொட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது? சென்னைக்குப் போக வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"வாரேன். துணைக்குத்தான் வாரேன். கச்சேரிக்கு என்னக் கூப்பிடக்கூடாது."

"சரிண்ணே."

"டோலக்க எடுன்னு சொல்லக்கூடாது."

"சொல்லலண்ணே."

அண்ணா சாலையில் இறங்கியதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், நான் சேலையை இழுத்துச் செருகினேன். இரண்டு பேரும் ஏதோ வரப்புத் தகராறுக்குக் கிளம்பினவர்கள் மாதிரிதான் முதல் கடைக்குள் ஏறினோம்.

அங்கே இருந்தது சிவப்புக் கிட்டார். கண்ணாடி மாதிரி மின்னியது. வெளிநாட்டுச் சரக்கு. கடைத் தம்பி மரியாதையாக எடுத்துக் கொடுத்தார். கழுத்து ஒல்லியாக இருந்தது, பிடிக்கச் சுகம். ஆனால் ஒல்லிக் கழுத்தில் பன்னிரண்டு கம்பியை அடைத்தால் இடம் எங்கே இருக்கும்? ஜோடிக்கும் ஜோடிக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. ஒன்றை அமுக்கினால் விரலின் ஓரம் அடுத்ததைத் தொட்டு, அது 'டப்'பென்று செத்துப்போனது. மிளகாய் பறித்து, ஊசி பிடித்துத் தடித்த விரல் மதினி எனக்கு. "பழகப் பழகச் சரியாயிடும் மேடம்" என்றார் தம்பி. திருவிழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, பழக நேரம் ஏது? வேண்டாம் என்றேன். அண்ணனுக்கு மனசே இல்லை. சிவப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த கடையில் தேன் நிறத்தில் ஒன்று. உள்ளே கூடாக, முன்பக்கம் இரண்டு வெட்டுத் துளைகளோடு, எடையே இல்லாமல் இருந்தது. தட்டினால் மரம் பேசியது. ஏசி அறையில் மெதுவாக வாசித்தேன். என்ன இனிமை தெரியுமா? அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "இதுதான் ஆத்தா. இதையே எடுத்துரு" என்றார். எனக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் நம் மேடையை நினைத்துப் பார்த்தேன். ஆள் உயர ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருக்கும், குழாய் ஸ்பீக்கரும் நம்மைப் பார்த்தே அலறும்.

"தம்பி, சத்தத்த முழுசா வைங்க. நான் பெட்டிக்கு முன்னாடி போய் நின்னு வாசிக்கிறேன்."

"அவ்வளவு சத்தமா யாரு மேடம் வாசிப்பாங்க?"

"எங்க ஊருத் திருவிழாவுக்கு ஒருக்க வந்து பாருங்க தம்பி" என்றார் அண்ணன். நீ போன பிறகு அவர் பேசிய முதல் கேலி அதுதான்.

வைத்தார்கள். நான் கம்பியைத் தொடவே இல்லை. கிட்டார் தானாக ஊளையிட ஆரம்பித்தது. சத்தம் கூடக் கூட உள்கூட்டுக்குள் புகுந்து, திரும்பி வந்து, சுற்றிச் சுற்றி ஊ என்று கத்தியது. கடையில் இருந்தவர்களெல்லாம் காதைப் பொத்தினார்கள். உன் பாட்டுக்கு நடுவில் அது ஊளையிட்டால் உப்பளத்துப் பெண்கள் என்னைக் கடலில் தள்ளிவிடமாட்டார்களா?

மூன்றாவது கடைக்கு வரும்போது கால் ஓய்ந்துவிட்டது. அது சின்னக் கடை. பன்னிரண்டு கம்பி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டியவர், கொஞ்சம் யோசித்துவிட்டு ஏணி போட்டு மேலே ஏறினார். சுவரின் உச்சியில், தூசிக்குள், கறுப்பாக ஒன்று தொங்கியது. மங்கிய கறுப்பு. ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்து மரம் தெரிந்தது. கம்பியெல்லாம் துரு.

"யாரோ வாசிச்சவர் வித்துட்டுப் போனது மேடம். கனம் ஜாஸ்தி, யாரும் கேக்கறதில்ல. பின்னணிக்கு நாலு சுரம் சேத்து கார்டு அடிக்கத்தான் ஆகும். இதுல பாட்டு வாசிக்க முடியாது. கம்பிய வளைச்சா ரெண்டும் ரெண்டு பக்கம் போயிடும்."

கையில் வாங்கினேன். ஒரே மரக்கட்டை, கூடு கிடையாது, அதனால் ஊளையிடாது. கழுத்து அகலம். கம்பிகளுக்கு நடுவில் விரல் நிம்மதியாக நின்றது. பன்னிரண்டு முறுக்காணியும் சேர்ந்து தலை மட்டும் பெருங்கனம், விட்டால் கவிழ்ந்துகொண்டு போனது. அது பரவாயில்லை, வழி பண்ணிக்கொள்ளலாம். "புதுக் கம்பி போட்டுத் தருவீங்களா? வாசிச்சுப் பாக்கணும்" என்றேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாகக் கட்டினார். அவர் கட்டி முடிக்கும்வரை அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி வழிந்தார்.

சுருதி சேர்த்து, உப்பளப் பாட்டின் முதல் வரியை வாசித்தேன். 'கூசுதடி' என்று நீ குரலை வளைப்பாயே, அங்கே கம்பியை வளைத்தேன். கடைக்காரர் சொன்னது சரி. கனத்த கம்பி ஒரு பக்கம், மெல்லிய கம்பி ஒரு பக்கம். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரி இருந்தது. வளைக்காமல் விரலைக் கம்பியோடு இழுத்துக்கொண்டே கழுத்தில் கட்டம்விட்டுக் கட்டம் போனால் என்ன? போனேன். சறுக்கிக்கொண்டு ஏறி, சறுக்கிக்கொண்டே இறங்கியது. இரண்டு கம்பியும் பிரியாமல் கூடவே வந்தன.

திரும்ப வாசித்தேன். பாத்தி முழுக்க வெள்ளையடி. கீழே கனமாக ஒன்று, மேலே மெல்லிசாக ஒன்று.

நிமிர்ந்து பார்த்தால் ஸ்டூலில் அண்ணனைக் காணோம்.

வெளியே நடைபாதையில், பஸ்ஸெல்லாம் உறுமிக்கொண்டு போகிற ரோட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏறி இறங்கிய அலுப்போ என்றும் நினைத்தேன்.

"என்னண்ணே, நல்லா இல்லையா?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"ஏத்தா, உள்ள அவ பாடிக்கிட்டு இருக்கா. நான் எப்படி அங்கன உக்காந்திருக்கிறது?"

அந்தக் கறுப்புக் கிட்டாரைத்தான் வாங்கினோம் மதினி. ரயிலில் ஊர் வந்து சேரும்வரை அண்ணன் அதை மடியிலிருந்து இறக்கவில்லை. என்னிடமும் கொடுக்கவில்லை. ஆனால் ஸ்டேஷனில் இறங்கும்போது மறுபடியும் சொன்னார்: "கச்சேரிக்கு என்னக் கூப்பிடாத."

தலைகவிழ்கிற வியாதிக்கு ஜமுக்காளத் துணியை மடித்து, தோள் வலிக்காமலும் வழுக்காமலும் இருக்கிற மாதிரி நானே அகலமான பட்டை தைத்துக்கொண்டேன். தையல் கடைக்கு வந்தவர்கள், "இது என்னக்கா, மாட்டுக்குக் கட்டுறதா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சறுக்கிச் சறுக்கி இடது கையில் தோல் உரிந்தது. உரிந்த இடத்தில் புதுத் தோல் வந்தது. ஒருநாள் சாயங்காலம் நான் வாசித்துக்கொண்டிருக்கையில் ஸ்பீக்கர் பெட்டி வாங்க ஒருவர் வந்தார். அண்ணன் அவரை வாசலிலேயே நிறுத்தி, "இப்ப குடுக்கிற மாதிரி இல்லங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நேற்று மத்தியானமே போய்விட்டோம். கூப்பிடாமலே வந்த அண்ணன் வேனிலிருந்து ஸ்பீக்கரை இறக்கிக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குப் பின்னால், உப்பு அம்பாரத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். மதுரைக்காரர்கள் மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கீபோர்டு வாசிக்கிற பையன் நல்ல பிள்ளை. "அக்கா, அந்தக் கிட்டார் சத்தம் இதுலயே இருக்கு, பாருங்க" என்று ஒரு பொத்தானை அமுக்கி வாசித்துக் காட்டினான். அச்சாக அதே சத்தம். இதற்காகவா சென்னைவரைக்கும் போய் வந்தோம்? "நல்லாருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

பொழுது சாய்கிற நேரம். வேலை முடிந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அதே வெள்ளைத் தலைகள். கடல் காற்று வேறு. சேர்த்து வைத்த சுருதியெல்லாம் ஈரத்தில் நழுவிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டையும் திரும்பச் சேர்த்து முடிக்கிறேன், முனியாண்டி அண்ணன் மைக்கில் கூப்பிட்டுவிட்டார். "நம்ம வடிவு குழுவிலேருந்து தங்கச்சி பஞ்சவர்ணம் ஒரு பாட்டு வாசிக்கும்." கைதட்டல் இல்லை. மேடைக்கு முன்னால் வந்து நின்றேன்.

முதல் அடி வாசித்தேன். கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது அடி. அப்போதும் ஒருவர்கூட அசையவில்லை. பிடிக்கவில்லை, எழுந்து போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது அடியில் சறுக்கிக்கொண்டு மேலே ஏறினேன். அப்போது முன்வரிசையில் ஒரு குரல். உனக்கு எப்போதும் பன்னீர் சோடா கொண்டுவந்து கொடுக்கும் வேலம்மாதான்.

"ஏய், பேசாம இருங்கடி! வடிவு பாடுறா!"

ஒருவரும் பேசவே இல்லை மதினி. ஆனாலும் வேலம்மா எல்லாரையும் அதட்டினாள். நான் நாலாவது அடிக்கு வந்தேன். கொண்டைகூட உப்பாச்சுதடி. வார்த்தை எங்கும் ஒலிக்கவில்லை, கம்பி மட்டும்தான் ஒலித்தது. அந்த இடத்தில், நீ கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிறுத்துவாயே, அந்த இடத்தில் நானும் நிறுத்தினேன். மொத்தக் கூட்டமும் சிரித்தது! பழைய சிரிப்பு. வேலம்மா தன் கொண்டையைத் தட்டிக் காட்டினாள். அடுத்தவளும் தட்டிக் காட்டினாள்.

பிறகு குலவை எழுந்தது. ஒரு மூலையில் தொடங்கி, பாத்தி வழியாகத் தண்ணீர் பாய்கிற மாதிரி வரிசை வரிசையாக வந்து மேடையில் மோதியது. நான் அழுதேனா சிரித்தேனா தெரியாது. "திரும்ப வாசி! திரும்ப வாசி!" என்று கத்தினார்கள்.

திரும்ப எடுத்தேன். முதல் அடி முடியவில்லை, என் இடது பக்கத்தில் டோலக் விழுந்தது. சரியான இடத்தில், அரைக்கால் மாத்திரை பிசகாமல். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும். பரணில் போட்ட டோலக் எப்படி வேனுக்குள் வந்தது? யார் எடுத்து வைத்தது? நான் சத்தியமாக எடுக்கவில்லை. அண்ணனிடம் கேட்டதற்கு, "ஸ்பீக்கரோட சேந்து வந்துருச்சு" என்கிறார். நம்புகிறாயா?

இரண்டு பேரும் சேர்ந்து வெளுத்து வாங்கினோம். மதுரைப் பையன் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டே நின்று கேட்டான். ஒரு பாட்டு என்று ஏறிய எங்களை, உன் பாட்டுகளாக ஐந்தாறு வாசித்த பிறகுதான் இறங்க விட்டார்கள். இறங்கியதும் அந்தப் பையன் வந்து கிட்டாரின் தலையைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, சத்தம் எங்கிட்ட இருக்கு. நீங்க இழுத்த இழுப்பு இதுல இல்ல. எப்படின்னு காட்டுங்க" என்றான். பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். முனியாண்டி அண்ணன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "வர்ற வருஷம் முழுக் கச்சேரியும் வடிவு குழுதான்!" என்று மைக்கில் அறிவித்துவிட்டார். மதுரைக்காரர்களே கைதட்டினார்கள்.

நம் குழுவுக்குப் பேர் மாறிவிட்டதைக் கவனித்தாயா? நாம் யாரும் வைக்கவில்லை. அவர்களாகவே சொல்லிக்கொள்கிறார்கள், வடிவு குழு என்று.

இன்றைய செய்தி: அண்ணன் காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து டோலக்குக்கு வார் இழுத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கிராமத்திலிருந்து போன் வந்துவிட்டது, பாம்பன் பக்கத்துக் கோயில்திருவிழா ஒன்றுக்கும் கேட்கிறார்கள். பழம் பறிக்க இன்னும் ஒரு சுற்று பாக்கி. நீ இல்லாமல் கொல்லை பெரிதாகத்தான் தெரிகிறது.

மதினி, வேலம்மா நேற்று கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மதினி பாட்டெல்லாம் கேட்டாச்சு. நீ எப்பத்தா ஒண்ணு கட்டப்போற?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்று சிரித்து மழுப்பினேன். இப்போது உன்னிடம் சொல்கிறேன், இது சத்தியம். அடுத்த வைகாசிக்கு நான் சொந்தமாக ஒரு பாட்டோடு போவேன். ஆட்டுக்குட்டிக் குரலாக இருந்தாலும் மைக்குக்கு முன்னால் நின்று நானே பாடுவேன். நடுங்கினால் நடுங்கட்டும். முன்னால் வந்து நின்றுதான் நடுங்குவேன்.

அந்த மேடையில் உனக்குப் பக்கத்தில் நின்ற,
உன் கூடப்பிறக்காத தங்கை, உன் நாத்தனார்
பஞ்சு